வேலிக்குள்ள விட்ட முயல்

1/
போன வருஷம் ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தார். தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். லீவுக்கு ஊருக்குப் போயிட்டு, பஸ்ல இருந்து இறங்கினதும் நேரா மயிலாப்பூருக்கு வந்திருக்கார். வலது கையில துணிக்கட்டு. பிரிச்சுப் பார்த்தா கட்டைவிரல் பக்கம் ரெண்டு பல் ஆழமா இறங்கியிருக்கு.

நாய்க்கடி. மூன்றாம் வகை.

(அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
"எந்த நாய்ப்பா?"

"எங்க நாய்தான் டாக்டர். சிப்பிப்பாறை. எட்டு மாசக் குட்டி. முயல்ல பழக்கிட்டு இருந்தோம். வாய் வைக்கப் போச்சு, குறுக்கே கையை விட்டேன்."

காயத்தை சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவச் சொல்லிட்டு, ஊசி எடுத்து வைக்கிற நேரத்துல அவரே போனைக் காட்டினார். வீடியோ. தோட்டத்துல ஒரு மூலையை வலை கட்டி அடைச்சிருக்காங்க. உள்ளே ஒரு காட்டு முயல். நாய்க்குட்டியை விடுறாங்க. முயல் ஓடுது, வலையில மோதுது, திரும்புது, மறுபடி ஓடுது. சுத்தி நாலு பேர் சிரிக்கிறாங்க.

3/
என் முகத்தைப் பார்த்திருப்பார் போல.

"கொல்ல விடமாட்டோம் டாக்டர். ஒரு பல் கூடப் படல. சும்மா பழக்கத்தான். அப்புறம் வயல்ல விட்டுட்டோம். இதுல என்ன தப்பு?"

கேள்வியில நக்கல் இல்லைங்க. நிஜமாவே கேட்டார். அப்போ "சட்டப்படி தப்பு" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அந்தப் பதிலைத் தேடிப் போனப்ப கிடைத்ததுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

4/
முதல்ல நம்ம ஊர்க் கதையில இருந்தே ஆரம்பிக்கலாம்.

பங்குனியில மயிலாப்பூர் மாட வீதியில அறுபத்துமூவர் பார்த்திருப்பீங்க. அந்த வரிசையில வருகிற கண்ணப்பர், வேடர் குலத்தில் திண்ணனாகப் பிறந்தவர். அவரோட முதல் வேட்டையை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவா எழுதியிருக்கார். சேக்கிழாரும் நம்ம குன்றத்தூர்க்காரர்தான்.

அந்த வேட்டையில நாய்களும் உண்டு, காட்டைச் சுற்றிக் கட்டின வலைகளும் உண்டு.

5/
அதாவது, அடைத்து வைத்து நாயை ஏவுவது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நாம கை கழுவ முடியாது. நம்ம புராணத்துலயே வலை இருக்கு.

ஆனா அதே இடத்துல சேக்கிழார் இன்னொண்ணும் சொல்றார். அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் துரத்த மாட்டார்கள். சின்னக் குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். வயிற்றில் கருவோடு கால் தளர்ந்து நடக்கிற பிணைகளைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். உயிரைக் கொன்று சாப்பிடுகிறவனுக்கும் ஒரு எல்லை உண்டு என்பது நமக்குப் புதுசு இல்லை.

6/
அப்புறம் கதையோட திருப்பம். ஒரு காட்டுப்பன்றி வலையை அறுத்துக்கிட்டு ஓடிடுது. திண்ணனும் நாணனும் காடனும் அதைத் துரத்திக்கிட்டு வெகுதூரம் போறாங்க. அந்த ஓட்டம்தான் அவரைக் காளத்தி மலையடிவாரத்துல கொண்டு சேர்க்குது.

கண்ணப்பர் கதை நடக்கணும்னா அந்தப் பன்றி வலையை மீறி ஓடியாகணும். இதை மனசுல வச்சுக்கோங்க. இன்னொரு வலைக்குப் போறோம்.

7/
1764, ஜூன் 30. இங்கிலாந்து, வின்ட்ஸர்.

மெட்ராஸ் கவர்னரா 1755 முதல் 1763 வரை இருந்தவர் ஜார்ஜ் பிகட். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-59ல் ஜார்ஜ் கோட்டையை முற்றுகை போட்டப்ப கோட்டையைக் காப்பாற்றியவர். ஊர் திரும்பும்போது ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு பரிசு கொண்டு போனார்: ஒரு சிவிங்கிப்புலி. இப்போ நாம சீட்டா என்று சொல்றோமே, அதுதான். அதைப் பார்த்துக்க இந்தியர்களும் கூடப் போனாங்க.

8/
சிவிங்கி, இந்தியாவில் பல நூறு வருஷமா வேட்டை நாய் மாதிரிப் பழக்கப்பட்ட மிருகம். கண்ணை மூடி ஒரு முக்காடு போட்டு மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போவாங்க. வெளிமான் கூட்டம் தெரிஞ்சதும் முக்காட்டை எடுத்து விடுவாங்க. முகலாயர் அரண்மனை முதல் சமஸ்தானங்கள் வரை இதுதான் ராஜ விளையாட்டு.

வின்ட்ஸரில் அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் ராஜாவோட சித்தப்பா, கம்பர்லேண்ட் கோமகன். திறந்த வெளியில விட்டா ஓடிடுமோன்னு பயம். அதனால பூங்காவில் ஒரு பகுதியைச் சுற்றி வலை கட்டினாங்க. உள்ளே ஒரு கலைமான். எதிரே மெட்ராஸ் சிவிங்கி.

9/
என்ன நடந்தது?

சிவிங்கி பாய்ந்தது. மான் கொம்பால தள்ளி விட்டது. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவை மான் அதைத் தூக்கி எறிஞ்சதோட நிக்காம, திருப்பித் துரத்த ஆரம்பிச்சது. சிவிங்கி வலைக்கு அடியில புகுந்து காட்டுக்குள்ள ஓடிப் போச்சு. அங்கே ஒரு மான் கூட்டத்தைப் பார்த்து, ஒண்ணைப் பிடிச்சு நொடியில கொன்னது.

வலைக்குள்ளே தோத்த அதே மிருகம்தான், வலைக்கு வெளியே தன் வேலையைச் சரியாச் செஞ்சது.

10/
இந்தச் சம்பவத்தை ஒட்டி பிகட் ஒரு ஓவியம் வரையச் சொன்னார். வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். இன்று அது மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில் இருக்கு. இணையத்தில் தேடினா உடனே கிடைக்கும், பாருங்க.

தலையில் சிவப்பு முக்காடு பாதி விலக்கிய சிவிங்கி. அதை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு இந்தியர். மானைக் கைகாட்டும் இன்னொரு இந்தியர். மான் சும்மா நிற்குது. வலை, தோல்வி, ஓட்டம் எதுவும் ஓவியத்தில் இல்லை. பணம் கொடுத்தவருக்கு எது பிடிக்குமோ அது மட்டும் இருக்கு. தம்பியோட வீடியோவும் அப்படித்தான் ஒரு இடத்துல கட் ஆகி இருந்தது.

11/
பிகட் கதை அங்கே முடியல. 1775ல் மறுபடி மெட்ராஸ் கவர்னரா வந்தார். தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கிற விஷயத்துல, நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த ஆட்களோட மோதல். 1776 ஆகஸ்ட் 24 அன்று அவரோட சொந்தக் கவுன்சில்காரங்களே அவரைக் கைது செய்து பரங்கிமலையில் காவல்ல வச்சாங்க. 1777 மே மாதம் காவலிலேயே இறந்து போனார். அவரை விடுவித்து மறுபடி பதவியில் அமர்த்தச் சொல்லி லண்டனிலிருந்து வந்த உத்தரவு, அவர் இறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

இதை "கர்மா" என்று நான் எழுதப் போறதில்லை. அந்தச் சிவிங்கிக்கு என்ன நியாயம் கிடைச்சுது?

12/
சரி, நாய்களுக்கு வருவோம்.

அடுத்த நூற்றாண்டில் மெட்ராஸிலும் ஊட்டியிலும் வெள்ளைக்காரர்கள் வேட்டைக் கிளப் நடத்தினாங்க. இங்கிலாந்துல குதிரையேறி, நாய்க்கூட்டம் விட்டு நரி துரத்துவது அவங்க விளையாட்டு. அதே நாய்களைக் கப்பல்ல கொண்டு வந்தாங்க. இங்கே அவங்க ஊர் நரி இல்லாததால நம்ம குள்ளநரியைத் துரத்தினாங்க. சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு எல்லாம் அப்படியே.

13/
ஊட்டி கிளப் இன்னும் இருக்கு. ஆனா 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நரியைத் துரத்த முடியாது. என்ன பண்ணாங்க தெரியுமா? வாசனை தோய்த்த ஒரு பொருளைப் புல்வெளியில இழுத்துக்கிட்டுப் போய் ஒரு தடம் போடுவாங்க. நாய்கள் அந்தத் தடத்தைப் பிடிச்சு ஓடும். பின்னாடியே குதிரைகள்.

நாய்க்கு ஓட்டம் கிடைக்குது, மோப்பம் கிடைக்குது. ஒரு உயிரும் போகல. இதையும் மனசுல வச்சுக்கோங்க.

14/
இப்போ அடையாறு.

1936ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் கொண்டு போன தனிநபர் மசோதா நாட்டியம் பற்றியது இல்லை. மிருகவதைத் தடுப்பு பற்றியது. அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி கொடுத்ததால அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம்.

1962ல் விலங்குகள் நல வாரியம் உருவானது. அப்போ தலைமையகம் மெட்ராஸ். முதல் தலைவர் அவரே. 1986ல் மறையும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

15/
அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படிங்க. 1982 திருத்தத்துக்குப் பிறகு அது சொல்வதன் சாரம் இது: வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்து வைத்து இன்னொரு விலங்குக்கு இரையாக்குவது குற்றம். ஒன்றை இன்னொன்றின் மேல் ஏவிவிடுவது குற்றம். சரணாலயத்தில் புலி பார்க்க ஆடு மாடு கட்டி வைப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்காங்க. அப்படி ஏவிவிட இடம் கொடுத்து நடத்துவது தனிக் குற்றம். கூண்டிலிருந்து திறந்து விட்டுச் சுடும் போட்டியும் குற்றம்.

வின்ட்ஸர் வலையை நேர்ல பார்த்துட்டு எழுதின மாதிரி இல்ல?

16/
ஆனா ரெண்டு ஓட்டை.

ஒண்ணு, தண்டனை. முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். 1960ல் அது காசு. இன்னைக்கு மயிலாப்பூர்ல ரெண்டு காபிக்குப் பத்தாது.

ரெண்டாவது, அந்த "வெறும் கேளிக்கைக்காக" என்ற சொல். தம்பி என்ன சொன்னார்? "சும்மா பழக்கத்தான்." பயிற்சி என்று சொல்லிட்டா கேளிக்கை இல்லைன்னு வாதாடலாம். சுத்தி நின்னு நாலு பேர் சிரிச்சது வழக்கில் எடுபடுமோ என்னவோ.

17/
இந்த ஓட்டையை அடைப்பது 1972 சட்டம்தான். அதில் "வேட்டை" என்பதற்குக் கொடுத்திருக்கிற பொருள் ரொம்ப அகலம். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாய் விட்டுத் துரத்துவது எல்லாமே வேட்டை. முயற்சி செய்தாலும் வேட்டை. காட்டில் இருந்தாலும், பிடித்து அடைத்து வைத்திருந்தாலும் அதே. காட்டு முயலும் அதில் அடக்கம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"ஒரு பல் கூடப் படல" என்பது அங்கே பதில் ஆகாது.

18/
சட்டம் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கு? இங்கேதான் என் படிப்பு கொஞ்சம் உதவுது.

மூணாம் நாள் ரெண்டாவது ஊசிக்கு வந்தப்ப தம்பி சொன்னார்: "டாக்டர், வயல்ல விட்டோம்னு சொன்னேன்ல, அந்த முயல் மறுநாள் வரப்போரம் செத்துக் கிடந்துச்சாம். அப்பா போன்ல சொன்னார். மேல ஒரு காயம் இல்ல."

19/
நான் கால்நடை மருத்துவர் இல்லை. அந்த முயலை நான் பார்க்கவும் இல்லை. ஆனா இப்படி நடப்பதற்கு அவங்க துறையில் ஒரு பேர் உண்டு: கேப்சர் மயோபதி. மானிலும் முயலிலும் நல்லாவே பதிவாகியிருக்கு.

எளிமையாச் சொல்றேன். உயிர் பயத்தில் எல்லை மீறி ஓடும்போது தசைகளுக்கு ஆக்ஸிஜன் போதாது. லாக்டிக் அமிலம் ஏறும், உடல் சூடு ஏறும். தசை நார்கள் உடைய ஆரம்பிக்கும். அதிலிருக்கிற மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். சில மிருகம் அப்பவே சாகும். சிலது ரெண்டு மூணு நாள், ஏன், அதுக்கு மேலயும் தாங்கி அப்புறம் சாகும்.

20/
நம்மளிலும் இது உண்டு. பழக்கமில்லாத ஆள் ஜிம்முக்குப் போய் முதல் நாளே மாட்டடி வேலை செஞ்சுட்டு, மறுநாள் கோலா நிறத்துல சிறுநீர் போகுதுன்னு வந்து நிற்பார். அதே கோளாறுதான். அவருக்கு டிரிப் ஏத்துவோம். முயலுக்கு யார் ஏத்துவா?

காட்டில் முயல் நாயிடம் இருந்து எப்படித் தப்பிக்கும்? சட்டுன்னு வளைஞ்சு திரும்பும், புதருக்குள்ள பூந்துடும். துரத்தல் நிமிஷத்துல முடிஞ்சிரும். முயலோட உடம்பு அந்தக் கணக்குக்குத்தான் அமைஞ்சிருக்கு. வலை கட்டும்போது நாம பறிப்பது அந்த முடிவை. துரத்தல் முடியவே முடியாது. அதனால "கொல்ல விடமாட்டோம்" என்பது நம்ம கையில் இல்லாத வாக்குறுதி.

21/
இது தென் தமிழ்நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லைங்க.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏக்கர் கணக்கில் வேலி போட்டு, பிடித்து வந்த நரிகளையும் கொயோட்டிகளையும் உள்ளே விட்டு, வேட்டை நாய்களைப் பழக்குவாங்க. போட்டி வச்சு நாய்க்கு மார்க்கும் உண்டு. புளோரிடா 2010ல் இதைத் தடை செய்தது. வர்ஜீனியாவில் 2014 சட்டப்படி புதுசாத் திறக்கக்கூடாது, இருக்கிறதும் 40 வருஷத்துக்குள்ள மூடணும். 40 வருஷம்! எவ்வளவு வேண்டியவங்க இருந்திருப்பாங்கன்னு யோசிங்க.

22/
எதிர்த்தரப்பையும் நேர்மையா வைக்கணும்.

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய்களை அடைப்புக்குள் பழக்குறாங்க. கட்டுப்பாட்டோட: குறைந்த நேரம், பன்றி ஒதுங்க இடம், நாய் எல்லை மீறினா உடனே நிறுத்தம். அவங்க வாதம் இது. பழகாத நாயைக் காட்டில் விட்டா நாயும் குடல் சரிந்து சாகும், பன்றியும் அரைகுறைக் காயத்தோட அலையும். பயிற்சியில் கொஞ்சம் துன்பம், நிஜத்தில் நிறைய மிச்சம்.

வேட்டையை அனுமதிக்கிற நாட்டில் இந்த வாதத்துக்கு எடை உண்டு. இங்கே வேட்டையே இல்லாதப்ப எதுக்கான பயிற்சி?

23/
இன்னொரு வாதம் எனக்கு நெருக்கமானது. தம்பியோட அப்பா சொன்னாராம்: "முயல் விரட்டலைன்னா அது சிப்பிப்பாறையே இல்ல. வெறும் மெலிஞ்ச நாய்."

நாட்டு நாய் இனங்கள் அழியுதுன்னு கவலைப்படறவங்க பேச்சு இது. தப்புன்னு தள்ள முடியாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாம் மானாவாரிப் பூமியில மனுஷன் தேர்ந்தெடுத்து உருவாக்கின உடம்புகள். நம்ம சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியிருக்கு. 2005ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வந்தது.

இதில் ஒரு வர்க்கக் கணக்கும் இருக்கு. சிவப்புக் கோட்டு போட்டுக் குள்ளநரியைத் துரத்தினவன் "ஸ்போர்ட்ஸ்மேன்". லுங்கியோட முயல் துரத்தினவன் "திருடன்". அந்தக் கோபம் நியாயமானது.

24/
ஆனா ஊட்டிக்குத் திரும்புங்க. சிவப்புக் கோட்டுக்காரர்களே வாசனைத் தடத்துக்கு மாறிட்டாங்க, நாய் நாயாத்தான் இருக்கு. பார்வை வச்சு ஓடுற இனங்களுக்கு மோட்டாரில் கயிறு சுற்றி, நுனியில துணியைக் கட்டி இழுக்கிற ஓட்டப் பயிற்சி உலகம் முழுக்க இருக்கு. சிப்பிப்பாறையும் பார்வை வச்சு ஓடுற இனம்தான்.

அதோட ஓட்டத்தைக் காப்பாத்தணும்னா ஓட விடுங்க. முயல் வேணும்னு நாய் கேட்கல.

25/
"அப்போ குனோவில் மட்டும் பண்ணலாமா?" என்று யாராவது கேட்பீங்க. சரியான கேள்வி.

இந்தியாவில் சிவிங்கி அழிந்துவிட்டதாக 1952ல் அரசு அறிவித்தது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசம் குனோவுக்கு வந்தன. இரைக்காகப் புள்ளிமான்கள் விடப்பட்டதைக் கேட்டு பிஷ்னோய் சமூகத்தினர் கொதிச்சாங்க. மான்களைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்க்கிறவங்க அவங்க.

என் பதில்: சிவிங்கிக்கு அது சாப்பாடு. சாப்பிடாட்டி சாகும். நாய்க்குட்டிக்கு வீட்டில் சோறு தயாரா இருந்தது. அந்த வித்தியாசம் பெரிசுதான். ஆனாலும் பிஷ்னோய்களின் கோபம் எனக்குச் சின்னதாத் தெரியல. வேலிக்குள்ள விட்ட புள்ளிமானுக்கு நம்ம நோக்கம் தெரியாது.

26/
இப்போ இதை எழுதற எனக்கு என்ன யோக்கியதைன்னு கேளுங்க. கேட்டே ஆகணும்.

எம்பிபிஎஸ் முதல் வருஷம். பிசியாலஜி லேப். ஒரு தொட்டி நிறைய தவளைகள். எல்லாம் வயல்லயும் குளத்துலயும் பிடிச்சது. ஒண்ணை எடுத்து, கழுத்துப் பின்னாடி ஊசியை இறக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சிதைக்கணும். அப்புறம் கெண்டைக்கால் தசையை உரிச்சு எடுத்து, புகை படிந்த உருளையில் அது துடிக்கிறதை வரையணும். என் கை நடுங்கி ஊசி முதல் தடவை சரியா இறங்கல. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

27/
"சும்மா பழக்கத்தான்." யாரும் அப்போ அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச பதிலா இருந்தது.

இன்னைக்கு மாணவர்கள் அதே வரைபடத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக் கத்துக்கிறாங்க. தவளை தொடாம வந்த டாக்டர்களோட நான் வேலை பார்க்கிறேன். தசை எப்படிச் சுருங்கும்னு என்னைவிட ஒரு மயிரளவும் குறைச்சலா அவங்களுக்குத் தெரியல. அப்போ அந்தத் தொட்டி எதுக்காக இருந்தது? வேற வழி யோசிக்க யாரும் மெனக்கெடல. அவ்வளவுதான் காரணம்.

28/
அதனால இப்போ தம்பியோட கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது.

பயிற்சி என்பது ஒரு சாக்கு ஆகாமல் இருக்க மூணு கேள்விக்குப் பதில் வேணும். எதுக்கான பயிற்சி? வேற வழியே இல்லையா? அந்த உயிருக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டிருக்கோமா? வின்ட்ஸர் கோமகன் மூணிலும் தோற்பார். அந்த லேப்பில் நானும் ரெண்டுல தோத்தேன்; மூணாவதை யாரும் யோசிக்கவே இல்லை.

29/
28-ஆம் நாள் கடைசி ஊசிக்கு வந்தார். இதையெல்லாம் சொன்னேன். அமைதியாக் கேட்டார்.

"அப்பாகிட்ட சொன்னா சிரிப்பார் டாக்டர்."

"சிரிக்கட்டும். முயல் செத்துக் கிடந்ததைப் போன் பண்ணிச் சொன்னது அவர்தானே? சும்மா சொல்லியிருப்பாரா?"

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அந்த வலையைப் பிரிச்சு பந்தலுக்குப் போட்டுட்டாராம்" என்றார். பாகற்கொடிக்கு. காரணம் அப்பா சொல்லல, இவரும் கேட்கலையாம்.

30/
டாக்டரா கடைசியா ஒண்ணு. தடுப்பூசி போட்ட வீட்டு நாயா இருந்தாலும், விளையாட்டாப் பட்ட பல்லா இருந்தாலும்: உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. முதல் ஊசி போட்டதும் வலி குறைஞ்சிருச்சுன்னு அடுத்ததை விட்டுடாதீங்க. ரேபிஸ் வந்த பிறகு எங்க கையில் எதுவும் இல்லை.

உங்க ஊர்ல நாட்டு நாய்களைத் துணி கட்டி ஓட விட்டுப் பழக்குறவங்க இருந்தா எழுதுங்க. அந்த அப்பாவுக்கு அனுப்பணும்.